வாடகைக்கு ஒரு ரேஸ் கார்

சிட்லபாக்கத்திலிருந்து ஒரு மணி நேரத் தூரத்தில் சர்வதேசப் பந்தயத் தடம் இருக்கிறது. அதில் ஓட்ட, சொந்தமாக ரேஸ் கார் வாங்க வேண்டியதில்லை.

நம் அப்பாக்கள் தலைமுறையில் சைக்கிள் கற்றவர்களில் பெரும்பாலோர் வாடகை சைக்கிளில்தான் கற்றார்கள். தெருமுனைக் கடையில் மணிக்கு இவ்வளவு என்று காசு கொடுத்து, நோட்டில் பெயரும் நேரமும் எழுதிவைத்து, முழங்கால் சிராய்ப்போடு வண்டியைத் திருப்பிக் கொடுத்தார்கள். வண்டி யாருடையது என்பது யாருக்கும் பொருட்டாக இல்லை. ஓட்டக் கற்றுக்கொண்டானா என்பதுதான் பேச்சு.

கார் பந்தயத்துக்குள் நுழையவும் இதே வழி இருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. ரேஸ் கார் ஒன்றை வாங்கி, அதை நிறுத்த ஒரு கொட்டகை போட்டு, மெக்கானிக்கை மாதச் சம்பளத்துக்கு வைத்து, லாரியில் ஏற்றித் தடத்துக்குக் கொண்டுபோனால்தான் பந்தயத்தில் ஓட்ட முடியும் என்று நினைத்து ஆரம்பத்திலேயே ஆசையைக் கைவிடுகிறார்கள். உண்மையில், கார் வைத்திருக்கும் அணிகள் தடத்திலேயே இருக்கின்றன. அவர்களிடம் ஒரு நாளைக்கோ, ஒரு பந்தய வாரத்துக்கோ, ஒரு சீசனுக்கோ சீட்டை வாடகைக்கு எடுக்கலாம். ஹெல்மெட்டோடு போய், ஓட்டிவிட்டு, வீடு திரும்பலாம். இந்தியாவில் இன்று பந்தயம் ஓட்டும் இளைஞர்களில் பெரும்பாலோர் இப்படித்தான் ஓட்டுகிறார்கள்.

இது மலிவான விளையாட்டு என்று சொல்ல வரவில்லை. ஆனால் எட்டவே எட்டாது என்று நாம் நினைத்திருந்த கதவுக்கு ஒரு கைப்பிடி இருக்கிறது. அது எங்கே இருக்கிறது, எப்படித் திருக வேண்டும் என்பதைச் சிட்லபாக்கம், செம்பாக்கம், சேலையூர் பக்கத்துப் பிள்ளைகளும் அவர்களைப் பெற்றவர்களும் தெரிந்துகொள்ள வேண்டும்.

கார் செய்யும் ஊர்

எங்கள் வட்டாரத்தைச் சுற்றிப் பாருங்கள். ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர், மறைமலை நகர், இருங்காட்டுக்கோட்டை என்று நாலு பக்கமும் வாகனத் தொழிற்சாலைகள். ஷிஃப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் தாம்பரம் வந்து இறங்குகிறவர்களில் இன்ஜின் பொருத்துகிறவர், பெயின்ட் அடிக்கிறவர், பிரேக் சோதிக்கிறவர் எல்லோரும் இருக்கிறார்கள். பக்கத்துக் குரோம்பேட்டையில் 1949-இல் தொடங்கிய எம்.ஐ.டி. இருக்கிறது. பொறியியல் கல்லூரி மாணவர்கள் தாங்களே ஃபார்முலா பாணியில் கார் வடிவமைத்து, ஃபார்முலா பாரத் போன்ற போட்டிகளுக்காகக் கோவைக்கு எடுத்துச் செல்லும் காலம் இது. காரைச் செய்யவும் பிரிக்கவும் தெரிந்த இந்த மண்ணில், அந்தக் காரை அதன் எல்லைவரை ஓட்டிப் பார்க்கும் விளையாட்டு மட்டும் யாரோ வேற்றூர்க்காரர்களின் சொத்துபோல இருப்பது எனக்கு நெடுநாளாக உறுத்துகிறது.

தடம் ஒன்றும் தொலைவில் இல்லை. பெருங்களத்தூர் தாண்டி வண்டலூரில் வெளிவட்டச் சாலையைப் பிடித்து, நசரத்பேட்டையில் பெங்களூரு நெடுஞ்சாலைக்கு இறங்கி, செம்பரம்பாக்கத்தைத் தாண்டினால் இருங்காட்டுக்கோட்டை. மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் 1990-இல் திறந்த தடம் அங்கே இருக்கிறது. நீளம் 3.717 கிலோமீட்டர், வளைவுகள் 12. முன்பு மெட்ராஸ் மோட்டார் ரேஸ் டிராக் என்று அழைக்கப்பட்டது. இப்போது மெட்ராஸ் இன்டர்நேஷனல் சர்க்யூட். ஓட்டுநர்கள் வளைவுகளை சி1, சி2 என்று எண் சொல்லித்தான் குறிப்பிடுவார்கள். ஃபார்முலா 1 சாம்பியன் மைக்கேல் ஷூமாக்கரின் மகன் மிக், எம்.ஆர்.எஃப். சேலஞ்ச் தொடரில் 2017-இல் ஓட்டியதும் இந்தத் தடத்தில்தான்.

அதற்கு முன் சோழவரம். இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளம் ஒன்று சென்னைக்கு வடக்கே சும்மா கிடந்தது. 1953-இல் தொடங்கப்பட்ட மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அதில் பந்தயம் நடத்தியது. வைக்கோல் கட்டுகளும் பழைய டயர்களும் தடுப்பாக நிற்க, பட்டணமே திரண்டுபோய் வெயிலில் நின்று பார்த்தது. ஆனால் பார்த்தவர்கள் ஆயிரக்கணக்கில் என்றால், ஓட்டியவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். மன்னர் வாரிசுகள், ஆலை முதலாளிகள், பெருந்தொழிலதிபர்கள். விஜய் மல்லையா போன்றவர்கள் வெளிநாட்டிலிருந்து காரை இறக்கி ஓட்டினார்கள். இறக்குமதிக்கு ஆயிரம் தடை இருந்த அந்த நாளில், சொந்தமாகக் கார் இல்லாதவருக்குப் பந்தயமும் இல்லை.

கரிவரதன் திறந்த வழி

அந்த நிலையை மாற்றியவர் கோவையைச் சேர்ந்த எஸ். கரிவரதன். வசதியான குடும்பத்தில் பிறந்தவர்தான். தன் காரை இன்னும் வேகமாக்குவதோடு அவர் நிறுத்திக்கொண்டிருக்கலாம். ஆனால் ஒரே மாதிரியான கார்களை வரிசையாகச் செய்து, இளைஞர்களை அதில் உட்காரவைக்க வேண்டும் என்று நினைத்தார். 1988-இல் ஃபார்முலா மாருதி பிறந்தது. தெருவெங்கும் ஓடிக்கொண்டிருந்த மாருதி 800-இன் 796 சிசி, மூன்று சிலிண்டர் இன்ஜின்தான் அதற்கும். உதிரிபாகம் எந்த ஊரிலும் கிடைக்கும். எல்லாக் காரும் ஒன்றே என்பதால் யாரிடம் பணம் அதிகம் என்பதைவிட யாருக்கு ஓட்ட வருகிறது என்பது தெரியவந்தது. 1967-இல் இங்கிலாந்தில் தொடங்கிய ஃபார்முலா ஃபோர்டு செய்த வேலையை இங்கே ஃபார்முலா மாருதி செய்தது.

விளைச்சல் உடனே தெரிந்தது. கோவையின் நாராயண் கார்த்திகேயன் முதலில் பந்தயம் ஓட்டியது ஃபார்முலா மாருதியில், இருங்காட்டுக்கோட்டையில். 2005-இல் அவர் ஜோர்டன் அணிக்காக ஓட்டி, ஃபார்முலா 1 பந்தயத்தில் இறங்கிய முதல் இந்தியரானார். அந்த ஆண்டு அமெரிக்க கிராண்ட் பிரியில் நான்காம் இடம். சென்னையின் கருண் சந்தோக்கும் ஃபார்முலா மாருதியில் தொடங்கி 2010-இல் ஃபார்முலா 1 வரை போனார். நடிகர் அஜித்குமார் தன் ஃபார்முலா பந்தய வாழ்க்கையைத் தொடங்கியதும் இதே காரில்.

கரிவரதன் 1995-இல் சிறு விமான விபத்தில் இறந்துபோனார். நாராயண் ஃபார்முலா 1-இல் ஓட்டியதை அவர் பார்க்கவில்லை. 2003-இல் கோவை செட்டிப்பாளையத்தில் திறக்கப்பட்ட தடம் கரி மோட்டார் ஸ்பீட்வே என்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. அவருடைய வழியில் கோவையில் தயாராகும் எல்.ஜி.பி. ஃபார்முலா 4 கார்கள், மாருதி சுசூகி ஸ்விஃப்டின் 1300 சிசி இன்ஜினோடு, இன்றும் தேசியச் சாம்பியன்ஷிப்பில் ஓடுகின்றன. ஓர் இளைஞன் வாடகைக்கு எடுக்கும் முதல் ஒற்றை இருக்கை ரேஸ் கார் பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும்.

மேலே போனாலும் சீட்டுதான்

வாடகைக் காரில் ஓட்டுவது கௌரவக் குறைவு என்று எண்ணுகிறவர்களுக்கு உலகப் பந்தய வரலாறே பதில் சொல்லும். மூன்று முறை உலகச் சாம்பியனான நிக்கி லாவ்டா, தொடக்கத்தில் வங்கியில் கடன் வாங்கித்தான் மார்ச் அணியில் தனக்கு ஒரு சீட் பிடித்தார். மைக்கேல் ஷூமாக்கர் 1991-இல் பெல்ஜியத்தின் ஸ்பாவில் முதல் ஃபார்முலா 1 பந்தயம் ஓட்டியபோது, அந்தச் சீட்டுக்காக மெர்சிடிஸ் நிறுவனம் ஜோர்டன் அணிக்கு 1,50,000 டாலர் கொடுத்தது. பதினான்கு ஆண்டு கழித்து அதே ஜோர்டன் அணியில் நாராயண் உட்கார்ந்தபோது டாடா நிறுவனம் அவருக்குத் துணைநின்றது.

அஜித் 2010-இல் ஓட்டிய ஃபார்முலா 2 தொடரில் எல்லாக் கார்களும் அமைப்பாளர்களுடையவை. அவர்களே பராமரித்தார்கள், ஓட்டுநர்கள் சீட்டுக்குக் கட்டணம் செலுத்தினார்கள். 2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் அஜித்குமார் ரேஸிங் அணி போர்ஷே 992 பிரிவில் மூன்றாம் இடம் பிடித்தபோது நாம் எல்லோரும் கொண்டாடினோம். அந்தக் காரைத் தயார்செய்து தடத்தில் இயக்கியது நெதர்லாந்தைச் சேர்ந்த பாஸ் கூட்டன் ரேஸிங் என்ற அனுபவமிக்க அணி.

ஓட்டுவது ஒருவர் வேலை, காரைப் பேணுவது இன்னொருவர் வேலை என்ற பிரிவினைதான் இந்த விளையாட்டின் இயல்பு. இங்கிலாந்தில் ஜிம் ரஸ்ஸல் 1950-களிலேயே பந்தயப் பள்ளி தொடங்கி, பள்ளியின் காரிலேயே மாணவர்களுக்குக் கற்றுக்கொடுத்தார். சொந்தக் கார் இல்லையே என்று கூசிப்போய் நிற்க இங்கே எந்தக் காரணமும் இல்லை.

எங்கே தொடங்குவது?

முதல் படி கார்ட்டிங். சென்னையைச் சுற்றி வாடகைக்கு கார்ட் ஓட்டும் இடங்கள் சில இருக்கின்றன. இருங்காட்டுக்கோட்டை வளாகத்திலேயே போட்டித் தரத்தில் கார்ட்டிங் தடம் வந்திருக்கிறது. பொழுதுபோக்காகச் சில நூறு ரூபாய்க்கு ஓட்டுகிற அதே கார்ட்டை, ஒவ்வொரு சுற்றின் நேரத்தையும் குறித்துக்கொண்டு ஓட்டத் தொடங்கும்போது அது பயிற்சியாகிவிடுகிறது. பத்துச் சுற்றும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் முடிகிறதா? அதுதான் முதல் தேர்வு. ஒரு சுற்றில் பறந்து அடுத்த சுற்றில் புல்தரையில் கிடக்கிறவரைவிட, சீராக ஓட்டுகிறவரைத்தான் பயிற்சியாளர்கள் விரும்புவார்கள்.

அடுத்தது பயிற்சிப் பள்ளி. முன்னாள் தேசியச் சாம்பியன்கள் நடத்தும் பள்ளிகள் சென்னையிலும் கோவையிலும் பெங்களூரிலும் இருக்கின்றன. ஓரிரு நாள் வகுப்பு. காலையில் கரும்பலகைப் பாடம், பிறகு பள்ளியின் காரில் தடத்தில் ஓட்டம். பள்ளி கொடுக்கும் சான்றிதழ், மருத்துவச் சான்று, இரத்தப் பிரிவு விவரம் ஆகியவற்றோடு விண்ணப்பித்தால் எஃப்.எம்.எஸ்.சி.ஐ. போட்டி லைசென்ஸ் தரும். சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட இந்த அமைப்புதான் நாட்டின் மோட்டார் பந்தயங்களுக்கெல்லாம் பொறுப்பு. பதினெட்டு வயதுக்குக் கீழே என்றால் பெற்றோரின் எழுத்துபூர்வமான சம்மதம் வேண்டும். லைசென்ஸை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும்.

லைசென்ஸ் கையில் வந்தபின் அணிகளிடம் பேசலாம். அதற்கு முன் ஒரு பந்தய வாரம் முழுக்க இருங்காட்டுக்கோட்டைக்குப் போய் வேடிக்கை பாருங்கள். அணிகள் காரை நிறுத்திச் சரிபார்க்கும் பிட் பகுதிப் பக்கம் நின்று, எந்த அணியின் கார் அடிக்கடி நின்றுபோகிறது, எந்த மெக்கானிக் ஓட்டுநரோடு உட்கார்ந்து பொறுமையாகப் பேசுகிறார் என்று கவனியுங்கள். விளம்பரத்தில் தெரியாத பலது அங்கே தெரிந்துவிடும். புதியவர்களுக்கென்றே தனிப் பிரிவு வைத்திருக்கும் தொடர்களும் உண்டு, ஜே.கே. டயரின் நோவிஸ் கப் அப்படிப்பட்டது. முதல் பந்தயத்திலேயே தேர்ந்தவர்களோடு முட்டி மோதாமல், தன்னைப் போன்ற புதியவர்களோடு ஓட்டிப் பழகுவது நல்லது.

வாடகையில் என்ன அடங்கும்?

அணி ஒரு தொகை சொல்லும். அந்தத் தொகைக்குள் எது இருக்கிறது, எது இல்லை என்பதைக் கேட்டுத் தெரிந்துகொள்வதில்தான் புத்திசாலித்தனம். பொதுவாகக் காரும், அதைத் தயார்செய்யும் மெக்கானிக்குகளும், தடத்துக்குக் கொண்டுவரும் லாரிச் செலவும் அடங்கும். டயரும் பெட்ரோலும் சில அணிகளில் உள்ளே, சில அணிகளில் தனி. போட்டியின் நுழைவுக் கட்டணம் தனியாக இருக்கலாம். பயிற்சி வகுப்பு ஆயிரங்களில் முடியும். பந்தய சீசன் என்றால் கணக்கு லட்சங்களுக்குப் போய்விடும். அதனால் முதல் ஆண்டில் முழு சீசனுக்குக் கையெழுத்துப் போடாமல், ஒரு பயிற்சி நாள், ஒரு பந்தய வாரம் என்று எடுத்துப் பார்ப்பதே குடும்பத்துக்கும் பாரமில்லாத வழி.

மிக முக்கியமானது சேதம். காரை இடித்தால் யார் பணம் கட்டுவது? பெரும்பாலான ஒப்பந்தங்களில் ஓட்டியவர்தான். அதற்காக முன்பணம் வாங்கிவைத்துக்கொள்வார்கள். சிலர் சேதப் பொறுப்புக்கு உச்சவரம்பு வைப்பார்கள்; சிலர் வைக்க மாட்டார்கள். இன்ஜின் தானாகப் பழுதானால் அது அணியின் பொறுப்பா, கியரைத் தவறாகப் போட்டதால் இன்ஜின் போனால் அது யார் பொறுப்பு, வேறொருவர் வந்து இடித்தால் என்ன என்று ஒவ்வொன்றையும் எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். வாய்ப்பேச்சு வேண்டாம்.

வீட்டுக் காரின் இன்சூரன்ஸ் காப்பாற்றும் என்று யாரும் நம்பிவிடக் கூடாது. நம் நாட்டின் வழக்கமான மோட்டார் பாலிசியை எடுத்துப் படித்தால், பந்தயம், வேகச் சோதனை ஆகியவற்றுக்குப் பயன்படுத்தினால் பாதுகாப்பு இல்லை என்று அச்சிட்டிருக்கும். ஓட்டுகிறவரின் தனிப்பட்ட விபத்து பாலிசியிலும் பந்தயத்துக்கு விலக்கு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பந்தயத்துக்கு அமைப்பாளர்கள் எடுத்திருக்கும் விபத்துக் காப்பீடு எவ்வளவு, எதற்கெல்லாம் பொருந்தும் என்றும் கேட்க வேண்டும்.

சொந்தமாக வாங்க வேண்டியது கவச உடைதான். தீயைத் தாங்கும் நோமெக்ஸ் துணியில் தைத்த சூட், கையுறை, காலணி, முகத்தை மூடும் உள்துணி, பந்தயத் தரத்து ஹெல்மெட். சூட்டின் கழுத்துப்பட்டையில் சர்வதேச மோட்டார் பந்தய அமைப்பான எஃப்.ஐ.ஏ.வின் தரக்குறி தைத்திருக்க வேண்டும். பைக் ஹெல்மெட் இங்கே செல்லாது. கார் பந்தய ஹெல்மெட்டின் உட்புறம் தீ பிடிக்காத துணியால் ஆனது. இவற்றோடு கழுத்தைக் காக்கும் ஹான்ஸ் கருவி. மோதலில் உடல் பெல்ட்டில் நிற்க, தலை மட்டும் முன்னே வீசப்பட்டு மண்டையோட்டின் அடிப்பகுதி முறிவதைத் தடுக்க அமெரிக்கப் பேராசிரியர் ராபர்ட் ஹப்பர்ட் உருவாக்கியது. 2003-இலிருந்து ஃபார்முலா 1-இல் கட்டாயம். பழைய ஹெல்மெட்டை யாராவது பாதி விலைக்குக் கொடுத்தால் வாங்காதீர்கள். ஒருமுறை கீழே விழுந்த ஹெல்மெட்டின் பலம் வெளியே பார்த்தால் தெரியாது.

தடத்தில் முதல் நாள்

முதல் நாளின் பெரும்பகுதி ஓட்டுவதில் போகாது. முதலில் சீட் பொருத்துவார்கள். முதுகுக்கும் இடுப்புக்கும் இடைவெளி இல்லாமல் நிரப்பி, கால் பெடலைச் சரியாக எட்டுகிறதா என்று பார்த்து, பெல்ட்டை மூச்சு முட்டுகிற அளவுக்கு இறுக்குவார்கள். ஒற்றை இருக்கைக் காரில் தரையிலிருந்து சில அங்குல உயரத்தில், கிட்டத்தட்டப் படுத்த நிலையில்தான் உட்கார வேண்டும். பவர் ஸ்டீயரிங் கிடையாது. சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏ.பி.எஸ். கிடையாது. சாலைக் காரில் நமக்குத் தெரியாமல் நம்மைக் காப்பாற்றும் எல்லாவற்றையும் கழற்றிவிட்ட கார் அது.

பிறகு கொடிகள். மஞ்சள் என்றால் முன்னே ஆபத்து, முந்தக் கூடாது. சிவப்பு என்றால் ஓட்டம் நிறுத்தப்பட்டது. நீலம் காட்டினால் பின்னால் வேகமான கார் வருகிறது. மஞ்சளும் சிவப்பும் பட்டையாக இருந்தால் தடத்தில் எண்ணெயோ தண்ணீரோ கிடக்கிறது, பிடிமானம் இருக்காது. எண்ணோடு கறுப்புக் கொடி வந்தால் பிட்டுக்குத் திரும்ப வேண்டும். இந்தக் கொடிகளைப் பிடித்து வெயிலிலும் மழையிலும் நாள் முழுக்க நிற்கும் மார்ஷல்களில் பலர் ஆர்வத்தால் வருகிற தன்னார்வலர்கள். ஓட்டப் பணம் இல்லாதவர்கள் மார்ஷலாகப் போவதும் இந்த விளையாட்டுக்குள் நுழைய நல்ல வழி. வளைவின் ஓரத்தில் நின்று நூறு பேர் பிரேக் போடுவதைப் பார்ப்பதே ஒரு படிப்பு.

ஓட்டத்தில் முதலில் கற்க வேண்டியது பிரேக்தான். மணிக்கு 80 கிலோமீட்டரில் போகும் காரிடம் இருப்பதைவிட 160-இல் போகும் காரிடம் நான்கு மடங்கு ஆற்றல் இருக்கிறது. வேகம் இரட்டித்தால் நிறுத்த வேண்டிய ஆற்றல் இரட்டிப்பாவதில்லை, நான்கு மடங்காகிறது. நீண்ட நேர்ப்பாதையின் முடிவில் இதை உடம்பு உணரும்போதுதான் வேகம் என்றால் என்னவென்று உண்மையாகப் புரியும். டயரின் பிடிமானத்துக்கு ஓர் எல்லை உண்டு. அது முழுவதையும் பிரேக்குக்கே செலவிட்டால் திரும்ப மிச்சம் இருக்காது. அதனால்தான் நேர்ப்பாதையிலேயே வேகத்தைக் குறைத்து, பிரேக்கை மெல்ல விடுவித்துக்கொண்டே வளைவுக்குள் நுழைந்து, உட்புற விளிம்பைத் தொட்டு, தடத்தின் முழு அகலத்தையும் பயன்படுத்தி வெளியே வரச் சொல்லித் தருகிறார்கள். நிதானமாக நுழைந்தவன்தான் வளைவிலிருந்து வேகமாக வெளியேறுவான்.

சித்திரை வெயிலோ ஆவணிப் புழுக்கமோ, மூன்று அடுக்கு உடையும் ஹெல்மெட்டும் போட்டு இன்ஜினுக்கு முன்னால் உட்கார்ந்தால் உடம்பிலிருந்து தண்ணீர் கொட்டும். கழுத்தும் முன்கையும் மறுநாள் வலிக்கும். உட்கார்ந்து ஸ்டீயரிங் பிடிப்பதில் என்ன உடற்பயிற்சி என்று கேட்கிறவர்களுக்கு அந்த வலி பதில் சொல்லும். சாயங்காலம் மெக்கானிக்கோ பயிற்சியாளரோ கம்ப்யூட்டர் திரையில் இரண்டு கோடுகளைக் காட்டுவார். ஒன்று உங்களுடையது, மற்றது அதே காரைத் தேர்ந்த ஓட்டுநர் ஓட்டியது. எந்த வளைவில் எத்தனை மீட்டர் முன்னதாகப் பயந்து பிரேக் போட்டீர்கள், எங்கே தேவையில்லாமல் ஸ்டீயரிங்கைத் திருப்பினீர்கள் என்று எல்லாம் அதில் இருக்கும். கார் ஒன்றே என்பதால் காரைக் குறை சொல்ல வழியில்லை. பொதுவான கார் தரும் பெரிய கொடை இதுதான்.

ஆபத்தை மறைக்காமல் பேசுவோம்

2023 ஜனவரியில் இருங்காட்டுக்கோட்டையில் தேசியக் கார் பந்தயத்தின்போது அனுபவமுள்ள 59 வயது ஓட்டுநர் ஒருவர் விபத்தில் இறந்தார். அதே ஆண்டு ஆகஸ்டில் பைக் பந்தயத்தில் 13 வயதுச் சிறுவன் ஒருவன் உயிரிழந்தான். நாட்டின் மிகச் சிறந்த தடங்களில் ஒன்றில், மருத்துவக் குழு பக்கத்திலேயே இருக்க, இவை நடந்தன. பிள்ளையின் விண்ணப்பத்தில் கையெழுத்திடும் தாயும் தந்தையும் இதைத் தெரிந்துகொண்டுதான் கையெழுத்திட வேண்டும். தடத்தில் ஆம்புலன்ஸ் எத்தனை, மீட்புக் குழு எங்கே நிற்கிறது, எந்த மருத்துவமனையோடு ஏற்பாடு, தடுப்புச் சுவர்கள் எந்த நிலையில் இருக்கின்றன என்று கேட்பது பெற்றோரின் உரிமை. கேட்டால் முகம் சுளிக்கும் அணியோ பள்ளியோ நமக்கு வேண்டாம்.

அதே பெற்றோருக்கு இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தடத்துக்குப் போகாததால் பிள்ளையின் வேக ஆசை அடங்கிவிடுவதில்லை. அது கிழக்குக் கடற்கரைச் சாலைக்கும், வெளிவட்டச் சாலைக்கும், வேளச்சேரி–தாம்பரம் சாலைக்கும் போகிறது. சைலன்சரைக் கழற்றிய பைக்குகள் சனிக்கிழமை இரவில் எங்கள் தெருக்களைக் கிழித்துக்கொண்டு போகும் சத்தம் கேட்டுத் தூக்கம் கெடாத வீடு இங்கே இல்லை. அங்கே மார்ஷல் இல்லை, கொடி இல்லை, ஹான்ஸ் இல்லை. எதிரே பால் வாங்கப் போகும் பெரியவரும், கோச்சிங் முடிந்து சைக்கிளில் வரும் சிறுமியும் வருகிறார்கள். அவர்கள் எந்தச் சம்மதப் படிவத்திலும் கையெழுத்திடவில்லை.

போலீஸ் பிடித்து அபராதம் போடுவது தேவைதான், அது போதாது. வேகத்துக்கு உரிய இடம் எது என்று காட்ட ஒரு கை வேண்டும். தடத்தில் ஒரு நாள் முறையாக ஓட்டியவன் சாலையில் மாறிப்போவதைப் பயிற்சியாளர்கள் பலரும் சொல்வார்கள். பிரேக் போட்டால் தன் வண்டி எவ்வளவு தூரத்தில் நிற்கும் என்று அளந்து பார்த்தவனுக்கு, பள்ளிக்கூட வாசலில் 80-இல் போவது வீரமாகத் தெரியாது.

வாசலை அகலமாக்குவோம்

வாடகை வழி இருக்கிறது என்றேன். அது எல்லோருக்கும் போதுமான அகலத்தில் இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். கம்பெனியில் ஷிஃப்ட் வேலை பார்க்கும் ஒருவரின் பிள்ளைக்குச் சீசன் வாடகை எட்டாது. ஆனால் இதற்கு முன்மாதிரி நம் பக்கத்திலேயே இருக்கிறது. ஓசூரின் டி.வி.எஸ். நிறுவனம் 1994-இல் தொடங்கிய ஒரே வகை பைக் பந்தயத் தொடரில், தேர்வு ஓட்டத்தில் தேறியவர்களுக்கு நிறுவனமே பந்தய பைக்கைக் கொடுக்கிறது. 2016-இலிருந்து பெண்களுக்கும் தனிப் பிரிவு. ஃபோக்ஸ்வேகன் 2010-இல் இந்தியாவில் தொடங்கிய போலோ கப்பிலும் கார்கள் அனைத்தையும் நிறுவனமே வைத்துப் பராமரித்தது. கார் பந்தயத்தில் முழுக்கப் பெண்களைக் கொண்ட அணியும் எல்.ஜி.பி. ஃபார்முலா 4-இல் ஓடியிருக்கிறது. வழி தெரியாத விஷயம் எதுவும் இதில் இல்லை.

2024 ஆகஸ்ட் 31, செப்டம்பர் 1 தேதிகளில் தீவுத்திடலைச் சுற்றி 3.5 கிலோமீட்டர் நீளத் தெருத் தடம் அமைத்து, விளக்கொளியில் ஃபார்முலா 4 பந்தயம் நடத்திக் காட்டியது தமிழ்நாடு. மாநில விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் அதில் முன்நின்றது. அந்த இரண்டு இரவுகளில் வேலிக்கு வெளியே நின்று பார்த்த பிள்ளைகளில் எத்தனை பேர் வேலிக்கு உள்ளே வர முடியும் என்பதுதான் அடுத்த கேள்வியாக இருக்க வேண்டும். ஆணையம் நீச்சலுக்கும் தடகளத்துக்கும் தேர்வு முகாம் நடத்துவதுபோல் கார்ட்டிங்குக்கும் மாவட்டந்தோறும் நடத்தலாம். அதில் தேறும் சிலருக்கு ஒரு சீசன் சீட் வாடகையை ஏற்கலாம். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் வட்டாரத்தில் காரும் டயரும் செய்யும் நிறுவனங்கள் ஒவ்வொன்றும் தங்கள் தொழிலாளர் குடும்பத்துப் பிள்ளை ஒருவருக்கு, ஆணோ பெண்ணோ, ஒரு சீட் பிடித்துக் கொடுத்தால் அந்த நிறுவனங்களின் விளம்பரச் செலவில் அது ஒரு துளி. கிளப்புகள் பந்தயமில்லாத வார நாட்களில் பொறியியல், பாலிடெக்னிக், ஐ.டி.ஐ. மாணவர்களுக்குப் பிட் பகுதியைத் திறந்துவிடலாம். ஓட்டுநர்கள் மட்டுமல்ல, மெக்கானிக்குகளும் டேட்டா பொறியாளர்களும் அங்கிருந்துதான் வர வேண்டும்.

கரிவரதன் 1988-இல் செய்தது இதுதான். தன்னிடம் இருந்ததைப் பொதுவில் வைத்தார். பதினேழு ஆண்டுகளில் இந்த மாநிலத்திலிருந்து ஒருவர் ஃபார்முலா 1-க்குப் போனார். இன்று நம்மிடம் தடங்கள் இருக்கின்றன, கார்கள் இருக்கின்றன, கற்றுத்தர ஆட்கள் இருக்கிறார்கள். சிட்லபாக்கத்திலோ செம்பாக்கத்திலோ ஒரு பிள்ளைக்கு இந்த ஆசை இருந்தால், இந்த மாதமே ஒரு கார்ட்டிங் தடத்துக்கு அழைத்துப்போய் பத்துச் சுற்று ஓட்டவிட்டு, நேரத்தைக் குறித்துப் பாருங்கள். சுற்றுக்குச் சுற்று நேரம் சீராக வந்தால், அடுத்த படியாகப் பயிற்சிப் பள்ளியின் விண்ணப்பத்தை வாங்குங்கள்.